இரண்டு கிட்டார், ஒரு கிளாரினெட், ஒரு பாஸ்: ஜிப்ஸி ஸ்விங்கையும் பழைய ஜாஸையும் கலந்து வாசிக்க எந்த அமைப்பு?

ஜிப்ஸி ஸ்விங்கையும் நியூ ஆர்லியன்ஸ் வழி வந்த பழைய ஜாஸையும் கலந்து வாசிக்க ஒரு அக்கூஸ்டிக் குழு தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால், முதலில் பாட்டுப் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பாட்டு விஷயத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய தகராறே கிடையாது. 1934 டிசம்பரில் ஜிப்ஸி ஸ்விங்கின் மூலவர்களான கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் பாரிஸ் ஹாட் கிளப்பின் ஐவர் குழுவாக முதல் இசைத்தட்டுகளைப் பதிந்தபோது, அவற்றில் ஒன்று 'டைகர் ராக்'. ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் 1917-லேயே பதிந்துவிட்ட நியூ ஆர்லியன்ஸ் சரக்கு அது. ஆக, பாட்டளவில் கலப்பு முதல் நாளிலேயே நடந்துவிட்டது.

தகராறு ஆரம்பிப்பது ஆட்களைச் சேர்க்கும்போதுதான். ட்ரம்ஸ் வேண்டுமா? பாஞ்சோவா, தாளத்துக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போடும் ரிதம் கிட்டாரா? முன்வரிசையில் வயலினா, கிளாரினெட்டா, ட்ரம்பெட்டின் தம்பியான கார்னெட்டா? எல்லோரையும் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கலப்பின் நடுநாயகம் கிட்டார். ஆனால் கார்னெட்டுக்கும் ட்ரம்ஸுக்கும் பக்கத்தில் வைத்தால் கிட்டாரின் சத்தம் ஒன்றுமே இல்லை. அதனால் எந்த அமைப்பைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: கரண்ட் போய்விட்டால், மெட்டும் சோலோவும் வாசிக்கும் லீட் கிட்டார் காதில் விழுமா? விழும் என்றால் அது அக்கூஸ்டிக் குழு. விழாது என்றால் கிட்டார்காரர் ஆம்ப் வாங்குவார், அவரைப் பார்த்து பாஸ்காரர் வாங்குவார், அப்புறம் அது வேறொரு குழு.

சத்தப் பிரச்சினை ஜாங்கோ காலத்திலும் இருந்தது. அதற்குக் கிடைத்த பதில்தான் மாரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிஸின் செல்மர் கம்பெனி 1932-ல் கடைக்குக் கொண்டுவந்த கிட்டார். கழுத்தைக் கொஞ்சம் நீளமாக்கினார்கள். பின்னால் வந்த சிறிய நீள்வட்டத் துளை மாடலில் தந்தியின் நீளம் 670 மில்லிமீட்டர். தட்டினால் சட்டென்று கிளம்பி சட்டென்று அடங்கும் சத்தம். இனிமை குறைவு, ஊடுருவல் அதிகம். 1952-ல் தயாரிப்பை நிறுத்தும்வரை ஏறக்குறைய ஆயிரம்தான் செய்தார்கள். அதனால் இன்று நம் கைக்கு வருவது எல்லாம் அந்த வடிவத்தின் நகல்கள். நகல் போதும். பெரிய உடல் கொண்ட சாதாரண டிரெட்நாட் கிட்டாரில் ரிதம் வாசித்து ஒப்பேற்றலாம். ஆனால் அதன் கீழ்த்தந்திகள் அடங்காமல் கார்வை நீண்டுகொண்டே போகும். லீடுக்கு அது சரிவராது.

தந்திக் குழு, அப்படியே

முதல் வழி, ஹாட் கிளப் அமைப்பை மாற்றாமல் எடுத்துக்கொள்வது. ஜாங்கோ லீட், தம்பி ஜோசஃபும் ரொஜே ஷப்பூவும் ரிதம், லூயி வோலா டபுள் பாஸ், கிராப்பெல்லி வயலின். ட்ரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஊதும் கருவி ஒன்றுகூட இல்லை. என் கேள்விக்கு இதில் முழு மதிப்பெண்.

ட்ரம்ஸ் இல்லாத குறையை ரிதம் கிட்டார் தீர்க்கும் விதம்தான் 'லா போம்ப்'. கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஒன்றாவது, மூன்றாவது பீட்டில் வலதுகை கீழ்த்தந்திகளை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். இரண்டிலும் நாலிலும் ஆறு தந்திகளையும் சேர்த்து ஒரே வீச்சு. அந்த வீச்சு விழுந்த அடுத்த கணமே இடதுகை விரல்கள் பிடியைத் தளர்த்திவிடும். கார்டு அறுந்து நிற்கும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் சற்று முன்னால், மணிக்கட்டு மேலே திரும்பும்போது, கேட்டும் கேட்காததுமாக ஒரு மேல்வீச்சு. இந்த மேல்வீச்சை எவ்வளவு காட்டுவது என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஸ்னேர் ட்ரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் மரப்பெட்டியிலும் ஆறு தந்தியிலும் செய்துவிடுகிறார். ஒரு முழு மாலை இதைச் செய்தவரிடம் முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ரிதம் கிட்டார் தேவையா? கிராப்பெல்லி சோலோ எடுக்கும்போது அவருக்குப் பின்னால் இரண்டு கிட்டார் இருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றுதானா என்று ஜாங்கோ குறைபட்டதால்தான் மூன்றாவது கிட்டார் வந்தது என்பது கிராப்பெல்லியே சொல்லிவந்த கதை. என்னைக் கேட்டால், வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரே போம்ப்பை மயிரிழை முன்பின்னாக வாசித்தால் தாளம் கனக்கும், ஓடாது. 1989-ல் முதல் ஆல்பம் போட்ட ரோஸன்பெர்க் ட்ரியோவில் ஒரே ரிதம் கிட்டார்தான். கனம் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

இந்த அமைப்பின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஹாட் கிளப் இசை வரிசை முறை இசை. பாட்டின் மெட்டு, பிறகு கிட்டார் இரண்டு சுற்று, பிறகு வயலின் இரண்டு சுற்று, முடிவு. நியூ ஆர்லியன்ஸ் இசையின் உயிர் அதுவல்ல. அங்கே கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போக, கிளாரினெட் மேலே சுற்றிச் சுற்றி வர, ட்ராம்போன் அடியில் இழுத்துக்கொடுக்க, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கற்பனையில் வாசிப்பார்கள். அந்தப் பின்னல் இல்லாமல் 'டைகர் ராக்' வாசித்தால் உங்களிடம் இருப்பது பழைய ஜாஸ் பாட்டு, அவ்வளவுதான். தந்திக் குழு அருமையான குழு. ஆனால் கலப்பு வேண்டும் என்று வந்தவருக்கு அது பாதி வழிதான் வரும்.

வயலினைப் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடக சங்கீதம் பயின்ற வயலின்காரர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எல். சுப்ரமணியமும் கிராப்பெல்லியும் சேர்ந்து ஆல்பம் செய்திருக்கிறார்கள் என்பது வெறும் பெருமைக்காகச் சொல்வதல்ல; வில்லில் வழுக்குவதும் மனோதர்மமும் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. புதிதாகப் பழக வேண்டியது, கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் கூடவே மாறுவது. ஒரே ராகத்தில் அரை மணி நேரம் நிற்கத் தெரிந்தவருக்கு, இரண்டு பாருக்கு (பார் என்பது நாலு பீட்) ஒருமுறை தரை நகர்வது முதலில் எரிச்சலாக இருக்கும். தந்திகளின் சுருதி அமைப்பையும் மாற்றியாக வேண்டும். மாதக்கணக்கு வேலை, ஆனால் நடக்கக்கூடிய வேலை.

பித்தளை முன்வரிசை, பாஞ்சோ, ட்ரம்ஸ்

இரண்டாவது வழி எதிர்முனை. கையில் ஒரு முழு டிராடிஷனல் ஜாஸ் குழு இருக்கிறது, அதில் ஒரு ஜிப்ஸி கிட்டார்காரரைச் சேர்த்துவிடுவது. எல்லோரையும் கூப்பிடலாமே என்றால் இங்கேதான் வந்து நிற்பீர்கள். செய்யாதீர்கள். கிட்டார் காணாமல் போகும்.

சத்தம் மட்டும் காரணமில்லை. பாஞ்சோவும் போம்ப்பும் ஒரே பேட்டையில் குடியிருப்பவை: ஒரே உயரத்தில் ஒலிக்கும், ஒரே நேரத்தில் அடிக்கும், ஆனால் அடியின் நீளம் வேறு. பாஞ்சோ நாலு பீட்டையும் சமமாக அடிக்க, போம்ப் இரண்டையும் நாலையும் அழுத்த, கேட்பவருக்குக் காதில் விழுவது களேபரம். ஒரு பாட்டுக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிப்ஸி ஸ்விங் பக்தர்கள் சிலர் பாஞ்சோ என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். ஜாங்கோவின் முதல் பதிவுகள் 1928-ல் அக்கார்டியன்காரர்களுக்குப் பின்னால் ஆறு தந்தி பாஞ்சோ-கிட்டாரில் வாசித்தவை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் 1925-லிருந்து தாளம் போட்ட ஜானி செயின்ட் சிர் கையில் இருந்ததும் ஆறு தந்தி பாஞ்சோதான். பாரிஸின் நடனக் கூடத்திலும் சிகாகோவின் பதிவுக் கூடத்திலும் ஒரே வகைக் கருவி. அதன் சுருதி அமைப்பு கிட்டாருடையதே என்பதால் உங்கள் ரிதம் கிட்டார்காரர் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். மாலையில் இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் அதை எடுத்து வாசித்தால் நியூ ஆர்லியன்ஸ் வாசனை தானாக வரும். தனி ஆள் தேவையில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அந்த ஹாட் ஃபைவ் கார்னெட், ட்ராம்போன், கிளாரினெட், பியானோ, பாஞ்சோ என்ற ஐந்து பேர். ட்ரம்ஸும் இல்லை, பாஸும் இல்லை. பழைய ஜாஸ் என்றால் ட்ரம்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அப்படியும் போதவில்லை என்றால் 1940-ல் சிட்னி பெஷேயும் மக்ஸி ஸ்பேனியரும் சேர்ந்து பதிந்த 'பிக் ஃபோர்' தட்டுகளைக் கேளுங்கள். சோப்ரானோ சாக்ஸும் கிளாரினெட்டும் பெஷே, கார்னெட் ஸ்பேனியர், கிட்டார் கார்மென் மாஸ்ட்ரென், பாஸ் வெல்மன் ப்ராட். நாலே பேர். முன்னால் இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பின்னால் ஒரு கிட்டாரும் ஒரு பாஸும் அசையாமல் நிற்கின்றன. பின்னலுக்கு இரண்டு குரல் போதும் என்பதை நான் இதில்தான் நம்பத் தொடங்கினேன்.

1940-ன் பாரிஸ் வழி

மூன்றாவது வழியை யுத்தம் உண்டாக்கியது. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது ஹாட் கிளப் குழு இங்கிலாந்தில் இருந்தது. ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார், கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டு ஜாங்கோ வயலினுக்குப் பதிலாக ஊபெர் ரோஸ்தேங்கின் கிளாரினெட்டை வைத்துப் புதிய குழு அமைத்தார்; கூடவே பியர் ஃபுவாத் ட்ரம்ஸ். அந்த ஆண்டு பதிவான 'நுவாஜ்' அவருடைய பாடல்களிலேயே பெரும்புகழ் பெற்றது. டிசம்பர் பதிவில் ரோஸ்தேங்குடன் ஆலிக்ஸ் கோம்பெல்லும் சேர்ந்து இரண்டு கிளாரினெட். ஆகவே ஜிப்ஸி ஸ்விங்கில் கிளாரினெட் வெளியாள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இந்த அமைப்பில் எனக்கு இடிப்பது ட்ரம்ஸ் ஒன்றுதான். ட்ரம்மர் வந்ததும் போம்ப்பின் பாதி வேலை அவருக்குப் போகிறது, ரிதம் கிட்டார் வெறும் நிறமாகிவிடுகிறது. நடனத்துக்கு வாசிக்கும் குழுவாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம்; ஆடுகிறவர்களுக்குத் தரையில் அடி வேண்டும். அப்போதும் ஒரு ஸ்னேர், ஒரு ஜோடி ப்ரஷ், அதற்கு மேல் மேடையில் ஏற்றாதீர்கள். முழு செட்டைக் கொண்டுவந்தால் அதை வாசிக்காமல் இருக்கிற மனக்கட்டுப்பாடு உள்ள ட்ரம்மர் மிக அரிது.

ஆகவே என் தேர்வு, அதே குழுவிலிருந்து ட்ரம்ஸை எடுத்துவிட்டு மிஞ்சுவது. லீட் கிட்டார், ரிதம் கிட்டார், கிளாரினெட், டபுள் பாஸ். இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. நியூ ஆர்லியன்ஸ் பாணி கிளாரினெட் கலைஞர் எவன் கிறிஸ்டோஃபர் 'ஜாங்கோ ஆ லா க்ரெயோல்' என்ற பெயரில் நடத்திய குழு இதே நாலு கருவிதான். அதற்கும் முன்னோடி உண்டு. 1939 ஏப்ரலில் டியூக் எல்லிங்டன் ஆர்கெஸ்ட்ரா பாரிஸுக்கு வந்தபோது, அதிலிருந்து கார்னெட் ரெக்ஸ் ஸ்டூவர்ட், கிளாரினெட் பார்னி பிகார்ட், பாஸ் பில்லி டெய்லர் மூவரும் ஜாங்கோவுடன் உட்கார்ந்து சில தட்டுகள் பதிந்தார்கள். பிகார்ட் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து அங்கேயே பயின்றவர். ஸ்டூவர்ட் கார்னெட்டின் வால்வுகளைப் பாதி மட்டும் அழுத்தி முனகலும் பேச்சுமாக வாசிப்பதில் பேர்போனவர். அந்தப் பதிவுகளில் யாரும் கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜாங்கோ பின்னால் கார்டு வாசிக்கும்போதும் முன்னால் வரும்போதும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. கார்னெட்காரர் அவருக்கு இடம் விடுகிறார். கார்னெட்டைச் சேர்க்க விரும்பினால் இந்த மாதிரி ஒருவரைச் சேருங்கள், சத்தத்தைக் குறைக்கும் ம்யூட்டோடு. ட்ராம்போனுக்கு இந்த அளவில் இடமில்லை. அக்கார்டியன் பாரிஸ் நடனக் கூடங்களின் முஸெத் வால்ட்ஸுகளுக்கு அழகு, ஆனால் அது முழுக் கார்டையும் தானே வாசித்துவிடுவதால் ரிதம் கிட்டாரோடு இடித்துக்கொள்ளும்.

கிளாரினெட்டுக்கு இன்னொரு வசதி, அதன் சத்தத்தைக் குறைக்க முடியும். கீழ்ஸ்தாயியில் அது கிசுகிசுக்கும், கிட்டார் சோலோவுக்குப் பின்னால் நீண்ட சுரங்களாகப் படுத்துக்கொள்ளும். கடைசிச் சுற்றில் மேல்ஸ்தாயிக்கு ஏறினால் இரண்டு கருவிக்குச் சமம். அந்தக் கடைசிச் சுற்றில்தான் பின்னலைக் கொண்டுவர வேண்டும்: லீட் கிட்டார் மெட்டை ஆக்டேவில் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து) அழுத்தி வாசிக்கட்டும், கிளாரினெட் அதன் தலைக்கு மேல் சுற்றட்டும். ஜாங்கோவின் ஆக்டேவ் வாசிப்பு ஒலிபெருக்கி இல்லாமலே கூடத்தின் கடைசிவரை போகக்கூடியது. கார்னெட் செய்ய வேண்டிய வேலையைக் கிட்டார் செய்ய வேறு வழியில்லை.

பாஸும் கீயும்

இரண்டு இசையும் உண்மையில் சந்திக்கும் இடம் பாஸ். நியூ ஆர்லியன்ஸ் பாணியில் பாஸ் பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் விழும். போம்ப் அழுத்துவது இரண்டிலும் நாலிலும். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று கச்சிதமாக உட்காருகிறது. பாஸ்காரர் முதல் பாரிலிருந்தே நாலு பீட்டும் சுரம் போட்டு நடக்கத் தொடங்கினால் இந்தப் பொருத்தம் போய்விடும்; கடைசி இரண்டு சுற்றுக்கு நடையைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். நாலுக்கு மாறும்போது வண்டி டாப் கியருக்குப் போனது மாதிரி இருக்கும். டியூபா வேண்டாம். அழகான கருவிதான், ஆனால் போம்ப்பின் வெட்டுக்கு அது ஈடுகொடுக்காது, கரண்ட் போன அறையில் கிட்டாரை விழுங்கிவிடும்.

கீ (பாட்டின் ஆதார சுருதி) விஷயத்தில்தான் ஒத்திகையில் சண்டை வரும், முன்கூட்டியே பேசி வையுங்கள். கிட்டாரும் வயலினும் ஜி, டி, ஏ என்ற கீகளில் சொந்த வீட்டில் இருக்கும். கிளாரினெட் பி ஃபிளாட் கருவி; அதில் விரல் வைக்கும் சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் கீழேதான் ஒலிக்கும். நீங்கள் ஏ மேஜர் என்று சொன்னால் கிளாரினெட்காரர் ஐந்து ஷார்ப் உள்ள பி மேஜரில் விரல் வைக்க வேண்டும். வேகமான பாட்டில் அது தண்டனை. மறுபக்கம், 'டைகர் ராக்' வழக்கப்படி பி ஃபிளாட்டில் தொடங்கி ஈ ஃபிளாட் வழியாக ஏ ஃபிளாட்டில் போய் நிற்கும். அங்கே லீட் கிட்டாருக்குத் திறந்த தந்தி உதவி கிட்டத்தட்ட இல்லை. ரிதம் கிட்டாருக்குக் கவலையில்லை, போம்ப் கார்டுகள் எல்லாம் நகரும் பிடிகள். சமரசம் எஃப், பி ஃபிளாட், ஜி. மைனரில் ஏ, டி, ஜி மூன்றும் இருவருக்கும் சுகம். 'மைனர் ஸ்விங்' ஏ மைனரில்தான் இருக்கிறது, கிளாரினெட்காரருக்கு அது வெறும் இரண்டு ஷார்ப். அவருக்கு அங்கே முணுமுணுக்கக் காரணமில்லை.

பட்டியல் போடும் வேளை இப்போது வந்துவிட்டது. எல்லாமே வேகமான ஸ்விங்காக இருந்தால் அரை மணியில் கேட்பவர்கள் களைத்துவிடுவார்கள், வாசிப்பவர்கள் அதற்கும் முன்பே. இரண்டு மரபுக்கும் பொதுவாக இன்னொரு தாளம் இருக்கிறது, கியூபா வழி வந்த, டேங்கோவை ஒத்த ஹபனேரா. டபிள்யூ. சி. ஹேண்டி 1914-ல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டின் மைனர் பகுதியில் அது வருகிறது. நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மோர்ட்டன் இந்த ஸ்பானிஷ் சாயல் இல்லாமல் ஜாஸுக்கு மசாலா சரியாக இறங்காது என்ற கட்சி. ஜாங்கோவும் அதே 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டைப் பதிந்திருக்கிறார். போம்ப்பை நிறுத்திவிட்டு ஹபனேராவில் தொடங்கி, மேஜர் பகுதியில் ஸ்விங்குக்குத் திரும்பினால், கலப்பு என்று அறிவிக்காமலே கலப்பு நடந்துவிடும்.

ஐம்பது பேர் உட்காரும் அறைக்கு மைக் வேண்டாம். பெரிய கூடமென்றால் நடுவில் ஒரே ஒரு கண்டென்ஸர் மைக் வைத்து, சோலோ எடுப்பவர் அரை அடி முன்னால் வரட்டும். கிட்டார் ப்ரிட்ஜுக்கு அடியில் ஒட்டும் பிக்கப் அவசரத்துக்கு உதவும், ஆனால் செல்மர் வகைக் கிட்டாரின் மரச்சத்தத்தை அது பிளாஸ்டிக்காக மாற்றிவிடும். ஒலி அமைப்பாளர் சொல்கிறார் என்பதற்காக ஒவ்வொருவருக்கும் தனி மைக் வாங்கிக்கொள்ளாதீர்கள். யார் சத்தம் எவ்வளவு என்பதை வாசிப்பவர்களிடமிருந்து அவர் கைக்கு மாற்றுகிற ஏற்பாடு அது.

ஏற்கனவே முழுக் குழு இருந்தால்

ட்ரம்மரையும் ட்ராம்போன்காரரையும் நட்பை இழக்காமல் என்ன செய்வது? குழுவுக்குள் குழு வைத்துக்கொள்ளலாம். ஹாட் கிளப்பே அப்படிப் பிறந்ததுதான். 1934-ல் பாரிஸின் கிளாரிட்ஜ் ஓட்டலில் லூயி வோலாவின் தேநீர் நடன ஆர்கெஸ்ட்ராவில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் திரைக்குப் பின்னால் இருவரும் தங்களுக்காக வாசித்துக்கொண்டதில் மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் குழுவும் முதல் பாதியில் நால்வராக உட்கார்ந்து வாசிக்கட்டும். இடைவேளைக்குப் பிறகு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ட்ரம்ஸும் பித்தளையும் ஏறட்டும். ரிதம் கிட்டார்காரர் அந்தப் பாதிக்கு ஆறு தந்தி பாஞ்சோவை எடுத்துக்கொள்வார், லீட் கிட்டார்காரர் சோலோவைக் குறைத்துக்கொண்டு கார்டோடு நிற்பார். அவர் முணுமுணுப்பார். முதல் பாதி முழுக்க அவருடையதாக இருந்ததை நினைவுபடுத்துங்கள்.